எண்ண மட்டுமே தெரிந்த செல்: பூச்சிக் கண்ணும் தளவிளைவுற்ற ஒளியும்

பூச்சிகளால் ஒளியின் தளவிளைவைப் பார்க்க முடியும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கண்ணிலுள்ள ஒரு தனி ஒளியுணர் செல்லைப் பொறுத்தவரை அது சரியல்ல. அந்தச் செல்லுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்குதான்: எத்தனை ஃபோட்டான்கள் தன்னிடம் பிடிபட்டன. பிடிபட்ட ஃபோட்டானின் நிறம் என்ன, அதன் மின்புலம் எந்தத் திசையில் அதிர்ந்தது என்பதெல்லாம் பிடிபட்ட கணத்திலேயே தொலைந்துவிடும். இருந்தும் தேனீயும் பாலை எறும்பும் வானத்தின் தளவிளைவை வைத்து வழி கண்டுபிடிக்கின்றன. எண்ண மட்டுமே தெரிந்த செல்களிலிருந்து திசை எப்படி வெளிவருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தளவிளைவு என்றால் என்ன என்பதை முதலில் முடித்துவிடலாம். ஒளி ஒரு மின்காந்த அலை. அது போகும் திசைக்குக் குறுக்காக அதன் மின்புலம் அதிர்கிறது. சூரியனிலிருந்து நேரே வரும் ஒளியில் இந்த அதிர்வு எல்லாக் குறுக்குத் திசைகளிலும் சமமாகக் கலந்திருக்கும். ஒரே திசையில் அதிர்வது மிகுந்தால் அது தளவிளைவுற்ற ஒளி. ஒரு திசை அதிர்வை மட்டும் கடத்தும் போலராய்டு கண்ணாடியை எல்சிடி திரைக்கு முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் திரை கறுத்துப்போகும், அங்கிருந்து 90° திருப்பினால் பளிச்சென்று தெரியும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை வெளிச்சம், இரண்டு முறை இருள். இந்த ‘இரண்டு முறை’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வகப் பகுதியில் தேவைப்படும்.

வானத்து ஒளி காற்று மூலக்கூறுகளில் சிதறி வருவதால் அதுவும் பகுதியளவு தளவிளைவுற்றது. வானத்தின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும், சூரியன், பார்ப்பவர், அந்தப் புள்ளி மூன்றும் அமையும் தளத்துக்குச் செங்குத்தாக மின்புலம் அதிரும். சூரியனிலிருந்து 90° விலகிய பட்டையில் தளவிளைவு உச்சம் பெறும். தெளிந்த வானத்தில் அங்கே 75 முதல் 80 விழுக்காடு வரை போகும். சூரியனை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வரும். ஆக, சூரியனே கண்ணில் படாவிட்டாலும் நீல வானத்தின் ஒரு துண்டில் அது இருக்கும் திசை பற்றிய துப்பு இருக்கிறது. தேனீ ஆய்வாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1949-ல் காட்டியது இதைத்தான். உணவு இருக்கும் திசையைச் சொல்ல, கிடைமட்டமாக வைத்த அடைமேல் ஆடும் தேனீக்களுக்கு மேலே போலராய்டு தகட்டை வைத்துத் திருப்பினால் ஆட்டத்தின் திசையும் மாறியது.

கண்ணுக்குள்ளே

கூட்டுக்கண் என்பது ஓமட்டிடியம் எனப்படும் சிறு கண் அலகுகளின் தொகுப்பு. பழ ஈயின் ஒரு கண்ணில் இவை சுமார் 750. வேலைக்காரத் தேனீயில் 5,000 அளவில், பெரிய தும்பிகளில் 30,000-ஐத் தொடும். ஒவ்வொரு அலகிலும் மேலே ஒரு வில்லை, அடியில் ஒரு படிகக் கூம்பு, அதற்கும் கீழே நீளவாக்கில் நிற்கும் ஒளியுணர் செல்கள். பழ ஈயில் அலகுக்கு எட்டு செல்கள், தேனீயில் ஒன்பது.

கவனிக்க வேண்டியது செல்லின் ஒரு பக்கம். அந்தப் பக்கத்துச் சவ்வு மைக்ரோவில்லி என்னும் நுண்குழல்களாக நீண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷின் நார்கள் போல நெருக்கமாக, எல்லாம் ஒரே திசை பார்த்து அடுக்கி நிற்கிறது. இந்த அடுக்குக்கு ராப்டமியர் என்று பெயர். ஒரு குழலின் விட்டம் சுமார் 50 முதல் 60 நானோமீட்டர், நீளம் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். பழ ஈயின் ஒரு வெளிவட்டச் செல்லில் ஏறத்தாழ 30,000 குழல்கள் உண்டு. குழல் ஒவ்வொன்றின் சவ்விலும் ஒளியைப் பிடிக்கும் புரதமான ரோடாப்சினின் மூலக்கூறுகள் சுமார் ஆயிரம் பதிந்திருக்கின்றன. ஒளி ராப்டமியரின் நீளவாக்கில் மேலிருந்து கீழே இறங்குகிறது, அதாவது குழல்களின் அச்சுக்குக் குறுக்காகப் பாய்கிறது. இந்தக் குறுக்கு அமைப்பு மட்டும் இல்லையென்றால் கட்டுரையின் மறுபாதிக்கு வேலையே இல்லை.

ஒரு ஃபோட்டான் பிடிபட்டால்

ரோடாப்சினுக்குள் ரெட்டினால் வகையைச் சேர்ந்த ஒரு சிறு நீள மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது. ஒளியை உறிஞ்சுவது அதுதான். ஃபோட்டான் பட்டதும் அது வடிவம் மாறுகிறது, ரோடாப்சின் மெட்டாரோடாப்சினாகிறது. அது செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதத்தைத் தூண்டுகிறது. ஜி-புரதம் பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதியைத் தூண்ட, அந்த நொதி சவ்விலுள்ள பிஐபி2 என்ற கொழுப்பு மூலக்கூறை வெட்டுகிறது. இதன் விளைவாக டிஆர்பி, டிஆர்பிஎல் என்ற அயனிக் கால்வாய்கள் திறந்து, கால்சியமும் சோடியமும் உள்ளே பாய்கின்றன. ஓய்வில் −60, −70 மில்லிவோல்ட் அளவில் இருக்கும் செல்லின் மின்னழுத்தம் மேலே ஏறுகிறது.

நம் கண்ணில் நடப்பது இதற்கு நேர்மாறு. முதுகெலும்பிகளின் குச்சி, கூம்பு செல்களில் ஒளி பட்டால் கால்வாய்கள் மூடும், மின்னழுத்தம் இன்னும் இறங்கும். பாடநூலில் மனிதக் கண்ணை மட்டும் படித்துவிட்டு ஈயின் பதிவைப் பார்ப்பவர்கள் வரைபடம் தலைகீழாக அச்சாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவதுண்டு.

பிஐபி2 வெட்டுப்பட்டதும் கால்வாய் எப்படித் திறக்கிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2012-ல் ரோஜர் ஹார்டியும் கிறிஸ்டியான் ஃபிரான்ஸும் ஒரு வியப்பான பதிலை வைத்தார்கள். பிஐபி2-வின் பெரிய தலைப்பகுதி சவ்விலிருந்து கழன்றதும் குழலின் சவ்வு இறுகிச் சுருங்குகிறது. செல்லே ஒளி பட்டால் துள்ளுவதை அணுவிசை நுண்ணோக்கியில் அளந்து காட்டினார்கள். அந்த இழுப்பும், வெட்டின்போது வெளியாகும் புரோட்டானும் சேர்ந்து கால்வாயைத் திறக்கின்றன என்பது அவர்கள் விளக்கம். ஒரு பக்கச் செய்தி: டிஆர்பி என்ற பெயரே, தொடர் வெளிச்சத்தில் பார்வைச் சமிக்ஞை நிலைக்காமல் விழுந்துவிடும் ஒரு மரபுப்பிழை ஈயிலிருந்து வந்தது. மிளகாயின் காரத்தையும் சூட்டையும் நமக்கு உணர்த்தும் கால்வாயும் இதே குடும்பம்தான்.

ஒரு ஃபோட்டானுக்கு ஒரு குழல் முழுவதும் ஒரே வீச்சில் பதில் சொல்கிறது. இருட்டில் பழக்கிய செல்லில் மிக மங்கலான ஒளியைப் பாய்ச்சினால் பதிவில் தனித்தனிச் சிறு மேடுகள் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 10 பிகோஆம்பியர் உயரம், சில பத்து மில்லிநொடி நீளம். குவாண்டம் மேடு என்பார்கள். ஃபோட்டான் பட்டதற்கும் மேடு எழுவதற்கும் இடையே சில பத்து மில்லிநொடி தாமதம் உண்டு, அந்தத் தாமதமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இராது. பாயும் கால்சியம் முதலில் மற்ற கால்வாய்களையும் திறக்கத் தூண்டி மேட்டை உயர்த்துகிறது, அளவு ஏறியதும் அதே கால்சியம்தான் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறது. அதன்பின் அந்தக் குழல் பத்தில் ஒரு நொடி அளவு ஓய்வெடுக்கும். இடையில் அதன்மேல் விழும் ஃபோட்டான் கணக்கில் வராது.

30,000 குழல்கள், குழலுக்கு நொடியில் சுமார் பத்து முறை. ஆக, ஒரு செல் ஒரு நொடியில் எண்ணக்கூடியது அதிகபட்சம் மூன்று லட்சம் ஃபோட்டான்கள். நண்பகல் வெயிலில் வரும் ஃபோட்டான்கள் இதைவிடப் பல மடங்கு. அப்போது செல் நிரம்பி வழியாமல் காப்பவை இரண்டு. ஒன்று, ஓய்விலிருக்கும் குழல்கள் தாமாகவே மிகையைத் தவிர்ப்பது. மற்றது, செல்லுக்குள் இருக்கும் நிறமித் துகள்கள் சில நொடிகளில் ராப்டமியர் பக்கம் நகர்ந்து ஒளியை உறிஞ்சிவிடுவது. அதை ஈயின் கண்பாவை என்றே சொல்லலாம். வெளிச்சம் கூடக் கூட மேடுகள் சிறுத்து, வேகம் பிடித்து, ஒன்றோடொன்று கலந்து ஒரே சீரான மின்னழுத்தமாகிவிடும். இந்தச் செல்கள் நரம்புத் துடிப்புகளை அனுப்புவதில்லை. ஏறி இறங்கும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஹிஸ்டமினைக் கூடக் குறையச் சுரந்து அடுத்த நரம்புக்குச் சொல்கின்றன.

ஈயின் மெட்டாரோடாப்சின் எளிதில் சிதைவதில்லை. பழ ஈயின் முக்கிய ரோடாப்சின் 480 நானோமீட்டர் நீல ஒளியை அதிகம் உறிஞ்சும், அதிலிருந்து உருவாகும் மெட்டாரோடாப்சின் 570 நானோமீட்டரை. அந்த நீண்ட அலையைக் கொடுத்தால் அது மீண்டும் ரோடாப்சினாகிவிடும். ஈயின் கண் சிவப்பாக இருப்பதில் இதற்குப் பங்கு உண்டு. செந்நிறமி நீண்ட அலை ஒளியைக் கசியவிடுவதால் நாள் முழுவதும் மீட்பு வேலை நடந்துகொண்டே இருக்கும். அந்தச் செந்நிறமி இல்லாத வெண்கண் ஈயை வைத்துச் சோதிப்பவர்கள் பளீர் நீல ஒளியை மட்டும் கொடுத்துவிட்டால், விளக்கை அணைத்த பின்னும் செல் மணிக்கணக்கில் தூண்டப்பட்ட நிலையிலேயே நின்றுவிடும். பழுது கருவியில் இல்லை. ஆரஞ்சு ஒளி கொடுத்தால் இறங்கிவிடும்.

திசை எண்ணிக்கையாக மாறும் இடம்

ஒளியை உறிஞ்சும் அந்த நீள மூலக்கூறு, தன் நீளவாட்டில் அதிரும் மின்புலத்தைத்தான் நன்றாக உறிஞ்சும். குறுக்காக அதிர்ந்தால் கிட்டத்தட்ட உறிஞ்சாது. சவ்வில் அது ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கிறது. சவ்வு தட்டையாக இருந்து ஒளி அதன்மேல் நேராக விழுந்தால், மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் பார்த்துப் படுத்திருப்பதால் மொத்தத்தில் எந்தத் திசைக்கும் சலுகை இல்லை. நம் குச்சி செல்களின் தட்டுகள் இப்படித்தான் அமைந்துள்ளன.

அதே சவ்வைக் குழலாகச் சுருட்டி, ஒளியைக் குறுக்கே விடுங்கள். குழலின் மேற்சுவரிலும் அடிச்சுவரிலும் நிலைமை பழையபடிதான்: அச்சு வழி அதிர்வுக்கும் குறுக்கு அதிர்வுக்கும் சம வாய்ப்பு. பக்கச் சுவர்களில்தான் மாற்றம். அங்கே படுத்திருக்கும் மூலக்கூறு ஒன்று குழலின் அச்சு வழியே கிடக்கும், அல்லது ஒளி வரும் திசையிலேயே நிற்கும். இரண்டாவது வகைக்கு எந்த அதிர்வும் பிடிபடாது. எல்லாச் சுவர்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அச்சுக்கு இணையான ஒளி, குறுக்கான ஒளியைவிடச் சரியாக இருமடங்கு உறிஞ்சப்படும். மூலக்கூறுகள் எந்த ஒழுங்குமின்றிப் படுத்திருந்தாலும் வடிவம் மட்டுமே 2:1 தந்துவிடுகிறது. சில பூச்சிகளின் செல்களில் 5, 10 என்று அளக்கிறார்கள் என்றால், அங்கே மூலக்கூறுகளும் அச்சு நோக்கி ஓரளவு ஒழுங்காகப் படுத்திருக்கின்றன என்று பொருள். இந்த விகிதத்தைத் தளவிளைவு உணர்திறன் என்கிறோம்.

பெரும்பாலான கண் செல்களுக்கு இந்த உணர்திறன் ஒரு தொல்லை. பளபளக்கும் இலையில் தெறிக்கும் ஒளி தளவிளைவுற்றது. பச்சை உணரும் செல்லும் நீலம் உணரும் செல்லும் வெவ்வேறு பக்கம் பார்த்த குழல்களைக் கொண்டிருந்தால், ஒரே பூ சாய்வுக்கு ஏற்ப வேறு வேறு நிறமாகத் தெரியும். தேனீயின் பெரும்பாலான ஓமட்டிடியங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. ஓர் அலகின் ராப்டமியர்கள் எல்லாம் சேர்ந்த தண்டான ராப்டம் தன் நீளத்தில் முறுக்கிக்கொண்டு இறங்குகிறது, உச்சியிலிருந்து அடிக்குள் மொத்தம் 180° அளவு. மேல் குழல்கள் விரும்பும் திசையும் கீழ்க் குழல்கள் விரும்பும் திசையும் கலந்து சலுகை அழிந்துவிடும்.

நீளமும் சலுகையைத் தின்றுவிடும். இயல்பு விகிதம் 10:1 என்று வையுங்கள். இணை ஒளியில் 95% உறிஞ்சப்படும் அளவுக்கு ராப்டமியர் நீளமாக இருந்தால், அதே நீளத்தில் குறுக்கு ஒளியிலும் 26% உறிஞ்சப்பட்டுவிடும். விகிதம் 3.7-க்கு விழுந்துவிட்டது. தளவிளைவு தேவைப்படும் இடத்தில் ராப்டமியர் குட்டையாக இருக்க வேண்டும், அல்லது ஒரே மட்டத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு குழல் தொகுதிகள் இருந்து இரண்டு அதிர்வுகளையும் சமமாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

இவை எல்லாம் ஒன்றுகூடும் இடம் கண்ணின் மேல் விளிம்பு. வானத்தைப் பார்த்தபடி உள்ள ஒரு குறுகிய பட்டை அது. பழ ஈயில் ஒன்றிரண்டு வரிசை ஓமட்டிடியங்கள்தான். அங்கே முறுக்கு இல்லை. குழல்கள் இரண்டே திசைகளில், ஒன்றுக்கொன்று 90°-ல். இரண்டு வகைச் செல்லிலும் ஒரே ரோடாப்சின். ஈ, தேனீ, பாலை எறும்புகளில் புற ஊதா, சுவர்க்கோழியில் நீலம். நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டு செல்களுக்கும் இடையே வரும் வேறுபாட்டுக்கு நிறம் காரணமாக இருக்க முடியாது. ஈயில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஏழாம் எண் செல் எட்டாம் எண் செல்லின் தலைமேல் அமர்ந்திருக்கிறது. மேலிருப்பது தனக்குப் பிடித்த அதிர்வை எடுத்துக்கொள்வதால், கீழே இறங்கும் ஒளியில் கீழ்ச் செல்லுக்குப் பிடித்த அதிர்வே மிஞ்சுகிறது. வடிகட்டி வேலையும் இலவசமாக நடந்துவிடுகிறது.

ஏன் இரண்டு செல்?

உணர்திறன் 10 கொண்ட ஒரு செல், பாதியளவு தளவிளைவுற்ற வானத்தைப் பார்க்கட்டும் (ஒளியில் முக்கால் பங்கு ஒரு திசையில், கால் பங்கு அதற்குக் குறுக்கே). அதிர்வு குழலுக்கு இணையாக இருந்தால் அதன் கணக்கு 10 × 0.75 + 1 × 0.25 = 7.75. குறுக்காக இருந்தால் 10 × 0.25 + 1 × 0.75 = 3.25. கணக்கு 7.75-லிருந்து 3.25 ஆனால் அதிர்வு திரும்பியது என்று செல் சொல்ல முடியுமா? முடியாது. ஒரு மேகம் வந்து வெளிச்சம் பாதிக்குமேல் குறைந்தாலும் இதே எண்தான் வரும்.

செங்குத்தான துணைச் செல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று 7.75 சொல்லும்போது மற்றது 3.25 சொல்லும். மேகம் வந்து வெளிச்சம் பத்தில் ஒன்றானால் 0.775, 0.325. எண்கள் சரிந்தன, ஆனால் விகிதம் 2.4-ஆகவே நிற்கிறது. ஒளியுணர் செல்லின் மின்னழுத்தம் நடு வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒளியின் மடக்கைக்கு இணங்க ஏறுவதால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாலே விகிதம் கிடைத்துவிடும். சுவர்க்கோழியின் மூளையில் தாமஸ் லாப்ஹார்ட் 1988-ல் விவரித்த நரம்புகள் இந்தக் கழித்தலைத்தான் செய்கின்றன. ஒரு திசை அதிர்வில் துடிப்பு கூடும், அதற்குச் செங்குத்தான திசையில் குறையும், வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது.

தளவிளைவு 10 விழுக்காடாக இருந்தால்? 5.95, 5.05. விகிதம் 1.18 மட்டுமே. ஒரு சோடிச் செல்லின் கணக்கில் இருக்கும் இரைச்சலில் இது அமிழ்ந்துவிடும். அதனால் பல ஓமட்டிடியங்களின் கணக்கைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். மேல் விளிம்பின் ஒவ்வொரு அலகும் மற்ற இடங்களைவிட வானத்தின் அகன்ற பகுதியைப் பார்ப்பது குறைபாடல்ல. சிறு மேகத் துண்டுகளின் குழப்பத்தை அது கரைத்துவிடுகிறது.

ஒரு சோடி போதுமா என்றால், அதுவும் போதாது. குழலின் அச்சிலிருந்து வலப்பக்கம் 30°, இடப்பக்கம் 30° இரண்டுக்கும் விகிதம் ஒன்றே. எனவே வெவ்வேறு கோணத்தில் திரும்பிய சோடிகள் வேண்டும். மேல் விளிம்பில் குழல்களின் திசை அலகுக்கு அலகு விசிறி போல மாறிக்கொண்டே போவது இதற்காகத்தான். வெட்டுக்கிளி மூளையின் மையத் தொகுதியில் இந்தக் கோணங்கள் வரிசையாகப் பரப்பி வைத்திருப்பதை ஸ்டான்லி ஹைன்ஸும் உவே ஹோம்பெர்க்கும் 2007-ல் காட்டினார்கள். அப்போதும் ஒரு குழப்பம் மிஞ்சும். அதிர்வுத் திசைக்கு முன், பின் கிடையாது. சூரியன் இருக்கும் பக்கமா எதிர்ப்பக்கமா என்பதை வானத்தின் வெளிச்ச வேறுபாட்டையும் நிற வேறுபாட்டையும் வைத்துத்தான் தீர்க்க வேண்டும்.

நீர்ப்பரப்பைத் தேடும் பூச்சிகளுக்கு இத்தனை சிக்கல் இல்லை. நீரில் தெறிக்கும் ஒளி கிடைமட்டமாக அதிர்கிறது, செங்குத்திலிருந்து 53° சாய்வில் இது மிகத் தெளிவு. தலைகீழாக நீந்தும் நோட்டோனெக்டா என்ற நீர்ப்பூச்சியின் கண்ணில் கீழ்நோக்கிய பகுதியே இதை உணர்கிறது. கறுத்த தார்ச்சாலையும் பளபளக்கும் கறுப்புக் காரும் இதே கிடைமட்ட ஒளியைத் தருவதால் மே ஈக்கள் அவற்றின்மேல் முட்டையிட்டு வீணாக்குகின்றன.

அளக்கும்போது எங்கே தவறும்

ஒரு செல்லின் தளவிளைவு உணர்திறனை அளக்க, நூறு மெகாஓம் அளவு தடை கொண்ட மெல்லிய கண்ணாடி மின்முனையைச் செல்லுக்குள் செலுத்தி, ஒளிக்கு முன்னால் போலராய்டைச் சுழற்றுவதுதான் வழக்கமான முறை. முதலில் போலராய்டை அசைக்காமல் மங்கலிலிருந்து பளிச்சென்ற ஒளி வரை அரை மடக்கைப் படிகளில் குறுகிய ஒளித் துடிப்புகளைக் கொடுத்து, ஒளிக்கு எதிராக மின்னழுத்த வளைவை வரைய வேண்டும். பிறகு உச்சத்தில் பாதி பதில் தரும் ஒளியில் நிறுத்தி, 10° படிகளில் 360° சுற்றி, அதே வழியில் திரும்பி வர வேண்டும். கடைசியில் வளைவை மீண்டும் எடுத்துச் செல் தளர்ந்துவிடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

புதியவர்கள் செய்யும் பெரும் பிழை மில்லிவோல்ட்டுகளை நேரே வகுத்துவிடுவது. உச்சத்தில் 20, தாழ்வில் 10 என்றால் உணர்திறன் 2 என்று எழுதிவிடுவார்கள். வளைவில் அந்த இரண்டு மின்னழுத்தங்களுக்கும் உரிய ஒளி அளவுகள் 0.7 மடக்கை அலகு விலகியிருந்தால் உண்மையான விடை 5. உச்ச ஒளியில் அளந்தால் இன்னும் மோசம், செல் நிறைவுற்று எந்தக் கோணத்திலும் ஒரே உயரம் காட்டும்.

ஒரு முழுச் சுற்றில் பதில் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். ஒரே முறை ஏறி இறங்கினால் அது தளவிளைவு அல்ல. போலராய்டு தகடு சற்றே சாய்ந்து, சுழலும்போது ஒளிக்கற்றையை அசைக்கிறது. இரண்டு முறை ஏறி இறங்கினாலும் விளக்கோ, வழியிலுள்ள கண்ணாடியோ முன்பே ஒளியைத் தளவிளைவுறச் செய்திருந்தால் போலராய்டு திரும்பும்போது வெளிச்சமே கூடிக் குறையும். போலராய்டுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு தேய்த்த குவார்ட்ஸ் தகட்டை வைத்துப் பாருங்கள். தளவிளைவு கலைந்துவிடும், வெளிச்ச மாற்றம் கலையாது. அதற்குப் பின்னும் அலை தெரிந்தால் தவறு ஒளியமைப்பில்தான்.

மேல் விளிம்பைச் சோதிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதாரண போலராய்டு தகடுகள் புற ஊதாவை உறிஞ்சிவிடும், அல்லது சரியாகப் பிரிக்காமல் விட்டுவிடும். 350 நானோமீட்டரில் இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்து எவ்வளவு ஒளி கசிகிறது என்று அளந்துவிட்டுத்தான் செல்லைத் தொட வேண்டும்.